லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் மெமரி தீர்ந்து விழும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 64 பிட் லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர்களுக்கானது. பதிப்பு 13 முதல் 17 வரை பொருந்தும். பதிப்புக்குப் பதிப்பு மாறும் இடங்களைச் சுட்டியிருக்கிறோம். கணக்குகளுக்கு 32 ஜிபி ரேம், 8 ஜிபி ஷேர்டு_பஃபர்ஸ் (எல்லா போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ்களும் பகிரும் டேட்டா கேஷ்) உள்ள சர்வரை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒன்று. "மெமரி இல்லை" என்ற செய்தியை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் சொல்லும், போஸ்ட்கிரெஸும் சொல்லும், கன்டெய்னரும் சொல்லும், உங்கள் அப்ளிகேஷனும் சொல்லும். யார் சொன்னது என்று தெரியாமல் எந்த செட்டிங்கையும் மாற்றாதீர்கள். ரேமைக் கூட்டியும் அதே தவறு மறுவாரம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எல்லாக் கனெக்‌ஷனும் ஒரே நொடியில் அறுந்தது, சிறிது நேரத்தில் தானாகவே திரும்பியது. இது மெமரி பிரச்சினையா?

பெரும்பாலும் ஆம், ஆனால் இரண்டு லாகுகளை ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸ் லாகில் ஒரு சர்வர் ப்ராசஸ் "சிக்னல் 9" (உடனடிக் கொலைக் கட்டளை) வாங்கி முடிந்தது என்ற வரியும், அதை அடுத்து மற்ற ப்ராசஸ்களும் நிறுத்தப்படுவதாக ஒரு வரியும், பிறகு ரெக்கவரி தொடங்கியதாக ஒரு வரியும் இருக்கும். அதே நேரத்துக் கர்னல் லாகை "ஜர்னல்சிடிஎல் -கே" கட்டளையால் பாருங்கள். அங்கே "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்" என்ற வரி அதே ப்ராசஸ் எண்ணோடு இருந்தால், கொன்றது, மெமரி தீரும்போது ஒரு ப்ராசஸைக் கொன்று இடம் மீட்கும் கர்னலின் ஓஓஎம் கில்லர். இல்லையென்றால் யாரோ கையால் கில் -9 கொடுத்திருக்கிறார்கள், அல்லது பின்னால் சொல்லப்போகும் சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்ற சேவை கொன்றிருக்கிறது.

ஒரு ப்ராசஸ் செத்ததற்கு ஏன் எல்லாமே விழுகிறது? எல்லா ப்ராசஸ்களும் ஷேர்டு மெமரியில் ஒன்றாக எழுதுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கொல்லப்பட்டால், அந்த மெமரியில் இருப்பது சரியா என்று தாய் ப்ராசஸான போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிய வழியில்லை. அதனால் அனைத்தையும் நிறுத்திவிட்டு, கடைசி செக்பாயின்ட்டிலிருந்து (மாற்றங்களை டிஸ்கில் பதித்து முடித்த புள்ளி) வால் லாகை, அதாவது மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவை, மீண்டும் ஓட்டுகிறது. ஒரு ரிப்போர்ட் க்வெரி வரம்பு மீறினால் பணம் கட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் கனெக்‌ஷனும் அறுவது இதனால்தான்.

எங்கள் சர்வர் தானாகத் திரும்பவில்லை. நிறுத்தியபடியே கிடந்தது.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் "ஓஓஎம்பாலிசி" செட்டிங்கைப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு "ஸ்டாப்": சர்வீஸின் ஏதாவது ஒரு ப்ராசஸை ஓஓஎம் கில்லர் கொன்றால், சர்வீஸ் முழுவதையும் சிஸ்டம்டி நிறுத்திவிடும். தானே எழுந்திருக்கத் தெரிந்த போஸ்ட்கிரெஸுக்கு இது தேவையில்லை. "சிஸ்டம்சிடிஎல் எடிட்" மூலம் அதை "கன்டின்யூ" என்று மாற்றுங்கள். கூடவே "ரீஸ்டார்ட்" செட்டிங்கை "ஆன்-ஃபெயிலியர்" என்று வைத்தால், போஸ்ட்மாஸ்டரே செத்துப்போனாலும் சர்வீஸ் மீண்டும் எழும்.

இப்போதே மெமரி ஏறிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

ஒருபோதும் கில் -9 கொடுக்காதீர்கள். ஓஓஎம் கில்லர் செய்வதும் அதுதான், விளைவும் அதேதான்.

"கிரெப் ஆர்எஸ்எஸ்அனான் /ப்ராக்/[0-9]*/ஸ்டேட்டஸ்" என்று ஓட்டினால் ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென்று பிடித்திருக்கும் மெமரி கேபி கணக்கில் வரும். மிகப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு, பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அந்தப் பிஐடி (ப்ராசஸ் எண்) என்ன க்வெரி ஓட்டுகிறது என்று பாருங்கள். அந்த க்வெரியின் வாசகத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பிஜி_கேன்சல்_பேக்எண்ட் கொடுங்கள். அசையவில்லை என்றால் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட். டேட்டாபேஸுக்குள்ளேயே நுழைய முடியாத நிலை என்றால் ஷெல்லிலிருந்து அந்த ஒரு பிஐடிக்கு மட்டும் கில் -இன்ட், பிறகு கில் -டெர்ம் அனுப்பலாம். முன்னது கேன்சலுக்கும் பின்னது டெர்மினேட்டுக்கும் சமம்.

கர்னல் லாகில் பெரிய அட்டவணை வருகிறது. அதை எப்படிப் படிப்பது?

கொலை வரிக்கு மேலே, அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ்களின் பட்டியல் இருக்கும். அதில் டோட்டல்_விஎம், ஆர்எஸ்எஸ் என்ற இரண்டு பத்திகளும் கேபி அல்ல, 4 கேபி அளவுள்ள பக்கங்களின் எண்ணிக்கை. ஆர்எஸ்எஸ் 2500000 என்றிருந்தால் அது 2.5 ஜிபி அல்ல, ஏறத்தாழ 9.5 ஜிபி. இந்தக் குழப்பத்தில் உண்மையான குற்றவாளியைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். கடைசியில் வரும் "கில்டு ப்ராசஸ்" வரியில் மட்டும் அளவுகள் கேபியில் இருக்கும்; அங்கே அனான்-ஆர்எஸ்எஸ் என்பது அந்த ப்ராசஸின் சொந்த மெமரி, ஷ்மெம்-ஆர்எஸ்எஸ் என்பது அது தொட்ட ஷேர்டு_பஃபர்ஸ் பகுதி.

பட்டியலின் தோற்றமே பாதி விடையைத் தந்துவிடும். ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் 10 ஜிபி அனான் பிடித்திருந்தால், தேட வேண்டியது ஒரு க்வெரியை. 250 ப்ராசஸ்கள் ஆளுக்கு 80 எம்பி பிடித்திருந்தால், தவறு கனெக்‌ஷன் எண்ணிக்கையில். போஸ்ட்கிரெஸ் அடக்கமாக இருக்க, பேக்கப் ஸ்க்ரிப்ட்டோ ஜாவா ப்ராசஸோ வீங்கியிருந்தால், டேட்டாபேஸ் செட்டிங்கைத் தொடவே வேண்டாம். அதை வேறு இயந்திரத்துக்கு மாற்றுங்கள்.

"கன்ஸ்ட்ரெயின்ட்" என்ற சொல்லையும் பாருங்கள். கன்ஸ்ட்ரெயின்ட்_நன் என்றால் இயந்திரத்தின் மெமரியே தீர்ந்தது. கன்ஸ்ட்ரெயின்ட்_மெம்சிஜி என்றால் சிகுரூப் (கன்டெய்னர் போன்ற ஒரு ப்ராசஸ் குழுவுக்குக் கர்னல் விதிக்கும் கட்டுப்பாடு) வரம்பு இடித்தது. இயந்திரத்தில் 100 ஜிபி சும்மா கிடந்தாலும் இது நடக்கும்.

ஃப்ரீ கட்டளை 300 எம்பிதான் காலி என்கிறது. ஆபத்தா?

இல்லை. "ஃப்ரீ" பத்தியை விட்டுவிட்டு "அவைலபிள்" பத்தியைப் பாருங்கள். காலியாக இருக்கும் ரேமை லினக்ஸ் ஃபைல் கேஷாகப் பயன்படுத்தும், தேவைப்பட்டால் உடனே விடுவிக்கும்.

டாப் கட்டளையில் ஒவ்வொரு போஸ்ட்கிரெஸும் 8 ஜிபி காட்டுகிறது. 200 ப்ராசஸ்கள் இருக்கின்றனவே!

ஒரே ஷேர்டு_பஃபர்ஸை ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கிலும் டாப் சேர்த்துக் காட்டுகிறது. உண்மையான பங்கு வேண்டுமென்றால் /ப்ராக் அடியில் அந்தப் பிஐடியின் ஸ்மேப்ஸ்_ரோல்அப் ஃபைலில் பிஎஸ்எஸ் வரியைப் பாருங்கள். அல்லது மேலே சொன்ன ஆர்எஸ்எஸ்அனான் போதும்.

வொர்க்_மெம் 64 எம்பிதான் வைத்திருக்கிறோம். 300 கனெக்‌ஷனுக்கு 19 ஜிபிக்கு மேல் போகாதே?

போகும். மெமரி தீரும் சர்வர்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் செட்டிங் இதுதான். வொர்க்_மெம் என்பது கனெக்‌ஷனுக்கான வரம்பு அல்ல, க்வெரிக்கான வரம்பும் அல்ல. க்வெரி திட்டத்தில் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்) ஒவ்வொரு ஹேஷுக்கும் (இணைக்கவும் திரட்டவும் மெமரியில் கட்டும் அட்டவணை) தனித்தனி வரம்பு.

மூன்று டேபிளை இணைத்து வரிசைப்படுத்தும் சாதாரண ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். திட்டத்தில் ஒரு சார்ட், இரண்டு ஹேஷ் என்று இருக்கட்டும். சார்ட்டுக்கு 64 எம்பி. ஹேஷுக்கு வொர்க்_மெம்மை ஹேஷ்_மெம்_மல்டிப்ளையரால் பெருக்க வேண்டும். பதிப்பு 15 முதல் அதன் இயல்பு மதிப்பு 2, அதற்கு முன் 1. ஆக இரண்டு ஹேஷுக்கு 256 எம்பி, மொத்தம் 320 எம்பி. இது ஒரு ப்ராசஸுக்கு. க்வெரி பேரலலாக ஓடினால் இயல்பாக இரண்டு வொர்க்கர்கள் கூடச் சேர்வார்கள். மூன்று ப்ராசஸுக்கு 960 எம்பி. 64 என்று எழுதியது 15 மடங்காகிவிட்டது. ஷேர்டு_பஃபர்ஸ் போக 24 ஜிபி மீதம் இருக்கும் நம் சர்வரில், இப்படி 25 ரிப்போர்ட்டுகள் ஒரே நேரத்தில் ஓடினால் இயந்திரத்தில் எதுவும் மிஞ்சாது. மாதக் கடைசி நாளில் மட்டும் சர்வர் விழுவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

அப்படியானால் எவ்வளவு வைப்பது?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 32 ஜிபியில் ஷேர்டு_பஃபர்ஸுக்கு 8, இயங்குதளத்துக்கும் மற்றவற்றுக்கும் 2, டேபிள்களில் செத்த வரிசைகளைத் தானாகத் துப்புரவு செய்யும் மூன்று ஆட்டோவேக்கம் வொர்க்கர்களுக்கு ஆளுக்கு 512 எம்பி வீதம் 1.5, ஃபைல் கேஷுக்கென்று 6 ஜிபி. மீதம் 14.5. உச்ச நேரத்தில் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் க்வெரிகள் 40 என்றால் ஒன்றுக்கு 370 எம்பி. அதை மேலே கண்ட 15 மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 24. எனவே 16 எம்பி என்று வையுங்கள்.

பெரிய ரிப்போர்ட்டுகளுக்கு அது போதாதே என்பீர்கள். அவற்றுக்குத் தனி ரோல் உருவாக்கி, ஆல்டர் ரோல் மூலம் அந்த ரோலுக்கு மட்டும் வொர்க்_மெம் 256 எம்பி, கனெக்‌ஷன் லிமிட் 2 என்று வைக்கலாம். பொதுச் செட்டிங்கை உயர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். குறைத்த பிறகு லாக்_டெம்ப்_ஃபைல்ஸை 10 எம்பி என்று வைத்து, எந்த க்வெரிகள் டிஸ்கில் வழிகின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவற்றில் பல ஒரு நல்ல இண்டெக்ஸால் தீர்ந்துவிடும்.

மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம்மை (பராமரிப்பு வேலைகளுக்கான மெமரி வரம்பு) 2 ஜிபிக்கு உயர்த்தியிருந்தால் ஆட்டோவேக்கம்_வொர்க்_மெம் என்ன என்று பாருங்கள். அது -1 ஆக இருந்தால் ஒவ்வொரு ஆட்டோவேக்கம் வொர்க்கருக்கும் அதே பெரிய மதிப்பு போய்ச் சேரும். தனியாக 512 எம்பி என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

வொர்க்_மெம் 4 எம்பிதான். இருந்தும் ஒரு ப்ராசஸ் 10 ஜிபி வரை வளர்கிறது. எப்படி?

வொர்க்_மெம்முக்குக் கட்டுப்படாத மெமரியும் உண்டு. பதிப்பு 14 முதல் பிஜி_லாக்_பேக்எண்ட்_மெமரி_கான்டெக்ஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு அந்தப் பிஐடியைக் கொடுத்தால், அந்த ப்ராசஸின் மெமரிப் பிரிவுகள் அத்தனையும் அளவோடு சர்வர் லாகில் விழும். பெயர்களைப் பார்த்தே நோய் தெரியும்.

ஆஃப்டர்ட்ரிகர்ஈவென்ட்ஸ் வீங்கியிருந்தால், ஃபாரின் கீ அல்லது ஆஃப்டர் ட்ரிகர் உள்ள டேபிளில் கோடிக்கணக்கான வரிசைகளை ஒரே ட்ரான்சாக்‌ஷனில் ஏற்றுகிறீர்கள். சரிபார்க்க வேண்டிய ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குறிப்பு மெமரியில் சேர்கிறது, அது டிஸ்குக்குப் போகாது. தொகுதி தொகுதியாகப் பிரித்து கமிட் செய்யுங்கள், அல்லது ஃபாரின் கீயை நீக்கிவிட்டு ஏற்றி முடித்தபின் மீண்டும் சேருங்கள்.

கேஷ்மெமரிகான்டெக்ஸ்ட் பெரிதாக இருந்தால், ஆயிரக்கணக்கான பார்ட்டிஷன்களையோ ஸ்கீமாக்களையோ தொட்ட கனெக்‌ஷன் நாள் கணக்கில் மூடாமல் கிடக்கிறது. தொட்ட ஒவ்வொரு டேபிளின் விவரமும் அந்த ப்ராசஸில் தங்கிவிடும். அப்ளிகேஷன் பகிர்ந்துகொள்ளும் கனெக்‌ஷன் பூலில் ஒரு கனெக்‌ஷனின் ஆயுளை 30 நிமிடம் அல்லது ஒரு மணி நேரம் என்று வரம்பிட்டால் தீரும்.

மெசேஜ்கான்டெக்ஸ்ட் என்றால் க்வெரியின் வாசகமே பெரிது: லட்சம் மதிப்புகள் கொண்ட இன் பட்டியல், அல்லது ஓஆர்எம் (நிரலிலிருந்து க்வெரியைத் தானே எழுதும் லைப்ரரி) கட்டிய பிரம்மாண்டமான இன்செர்ட். எக்ஸிக்யூட்டர் பிரிவுகள் பெரிதானால் அர்ரே_ஏஜிஜி, ஸ்ட்ரிங்_ஏஜிஜி, ஜேசன் திரட்டல்கள் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே குழுவுக்குச் சேரும் மதிப்பு எவ்வளவு பெரிதானாலும் மெமரியிலேயே வளரும். இன்னும் பதிப்பு 12 அல்லது அதற்கும் பழையதில் இருந்தால் ஹேஷ் அக்ரிகேட்டும் அப்படித்தான். மதிப்பீடு தவறினால் வரம்பின்றி வளர்ந்துவிடும். 13 முதல்தான் டிஸ்குக்கு வழியக் கற்றது.

எந்த ப்ராசஸும் பெரிதாக இல்லை, ஆனாலும் பல ஜிபி காணாமல் போகிறது.

/ப்ராக்/மெம்இன்ஃபோவில் "பேஜ்டேபிள்ஸ்" வரியைப் பாருங்கள். ஷேர்டு_பஃபர்ஸ் 8 ஜிபி என்றால் 4 கேபி வீதம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் வீதம் 16 எம்பி அளவுள்ள பக்க அட்டவணையை, அந்த மெமரியை முழுக்கத் தொட்ட ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென வைத்திருக்கும். 300 கனெக்‌ஷனுக்கு 4.7 ஜிபி! டாப் கட்டளையில் இது தெரியவே தெரியாது.

மருந்து ஹியூஜ் பேஜஸ். பக்கம் 2 எம்பி ஆனால் அதே அட்டவணை 32 கேபியில் முடியும். எத்தனை பக்கம் தேவை என்பதைப் பதிப்பு 15 முதல் போஸ்ட்கிரெஸே சொல்லும்: சர்வரை நிறுத்திவிட்டு, "போஸ்ட்கிரெஸ்" நிரலைப் பெரிய எழுத்து சி தேர்வோடு ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ் என்று கேளுங்கள். 8 ஜிபிக்கு 4096ஐவிடச் சற்றுக் கூடுதலாக வரும். அதை விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸில் எழுதி, ஹியூஜ்_பேஜஸை "ட்ரை" என்பதிலிருந்து "ஆன்" என்று மாற்றுங்கள். "ட்ரை" என்று விட்டால் பக்கம் போதாதபோது போஸ்ட்கிரெஸ் சத்தமில்லாமல் சாதாரணப் பக்கங்களுக்குப் போய்விடும். ஒதுக்கிய ஹியூஜ் பேஜ்கள் யாருக்கும் உதவாமல் கிடக்கும், ஷேர்டு_பஃபர்ஸ் வேறு தனியாக 8 ஜிபி எடுக்கும். 32 ஜிபி இயந்திரம் அதோடு தீர்ந்தது. "ஆன்" என்றால் சர்வர் தொடங்கவே மறுக்கும், பிழை உடனே தெரியும்.

விஎம்.ஓவர்கமிட்_மெமரியை 2 ஆக்கச் சொல்கிறார்களே?

டேட்டாபேஸுக்கென்றே உள்ள தனி சர்வரில் நாங்களும் அதையே சொல்வோம். இயல்பு மதிப்பான 0 இருக்கும்போது கர்னல் கையிருப்பைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கினால் ஒருவரைக் கொல்லும். 2 வைத்தால் வரம்பைத் தாண்டும் கோரிக்கையை வாசலிலேயே மறுத்துவிடும். அப்போது போஸ்ட்கிரெஸ் "அவுட் ஆஃப் மெமரி" என்று அந்த ஒரு க்வெரியை மட்டும் தோல்வியாக்கும், மற்ற கனெக்‌ஷன்கள் தொடரும். லாகில் கொலை எதுவும் இல்லாமல் இந்தப் பிழை மட்டும் தெரிந்தால், உங்கள் சர்வர் ஏற்கெனவே இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, அல்லது யூலிமிட் என்ற ப்ராசஸ் அளவிலான வரம்பு ஏதோ இருக்கிறது.

ஆனால் 2 என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் வேறு தொல்லை வரும். வரம்பு இப்படிக் கணக்கிடப்படுகிறது: ரேமிலிருந்து ஹியூஜ் பேஜ்களைக் கழித்து, ஓவர்கமிட்_ரேஷியோ சதவீதத்தால் பெருக்கி, ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) கூட்ட வேண்டும். ரேஷியோவின் இயல்பு மதிப்பு 50. 32 ஜிபி ரேம், 8.5 ஜிபி ஹியூஜ் பேஜ், 4 ஜிபி ஸ்வாப் என்றால் வரம்பு 15.75 ஜிபிதான், ரேம் பாதி சும்மா இருக்கும்போதே க்வெரிகள் தோற்கும். ரேஷியோவை 80 ஆக்கினால் 22.8 ஜிபி. மாற்றும் முன் உச்ச நேரத்தில் மெம்இன்ஃபோவின் கமிட்டட்_ஏஎஸ் எவ்வளவு போகிறது என்று சில நாள் குறித்து வையுங்கள். அது புதிய வரம்பைவிட ஏற்கெனவே அதிகமாக இருந்தால், மாற்றிய அந்த நொடியில் எஸ்எஸ்ஹெச் வழியாக நீங்கள் உள்ளே நுழைவதுகூட முடியாமல் போகலாம்.

ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜை -1000 ஆக்கிவிட்டால் போதாதா?

ஓஓஎம் கில்லர் யாரைக் கொல்வது என்று தேர்ந்தெடுப்பதை மாற்றும் எண் அது; -1000 என்றால் அந்த ப்ராசஸைத் தொடாது. போஸ்ட்மாஸ்டருக்கு மட்டும் வையுங்கள். குழந்தை ப்ராசஸ்களுக்கும் -1000 இருந்தால், வீங்கிய க்வெரியைக் கர்னலால் தொட முடியாது. எஸ்எஸ்ஹெச், மானிட்டரிங் என்று ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டே போகும். பிஜி_ஓஓஎம்_அட்ஜஸ்ட்_ஃபைல் என்ற என்விரான்மென்ட் மாறியில் /ப்ராக்/செல்ஃப்/ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ் என்ற பாதையைக் கொடுத்தால் குழந்தைகளின் மதிப்பு 0 ஆகிவிடும். டிஸ்ட்ரிபியூஷன் பேக்கேஜ் இதை முன்பே செய்திருக்கலாம். "சிஸ்டம்சிடிஎல் கேட்" போட்டுப் பாருங்கள்.

சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்பது இதற்கெல்லாம் கட்டுப்படாத தனி சேவை. மெமரி நெருக்கடியை அளந்து சிகுரூப்பையே மொத்தமாகக் கொல்லும். டேட்டாபேஸ் சர்வரில் அது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஸ்வாப் வேண்டுமா, வேண்டாமா?

கொஞ்சம் வேண்டும். 2 முதல் 4 ஜிபி வரை ஒரு ஸ்வாப் ஃபைல் இருந்தால், மெமரி ஏறுவதை மானிட்டரிங்கில் பார்த்துச் செயல்பட அவகாசம் கிடைக்கும். விஎம்.ஸ்வாப்பினஸை 60லிருந்து 10 அல்லது 1 ஆகக் குறையுங்கள், 0 வேண்டாம். விஎம்ஸ்டாட் 1 ஓட்டி எஸ்ஐ, எஸ்ஓ பத்திகள் தொடர்ந்து ஏறியபடி இருந்தால் மெமரி உண்மையாகவே போதவில்லை.

டாக்கரிலும் குபர்நெட்டிஸிலும் என்ன வேறுபாடு?

கன்டெய்னருக்குள் ஃப்ரீ கட்டளை காட்டுவது வெளி இயந்திரத்தின் மெமரியை. அதைப் பார்த்து ஷேர்டு_பஃபர்ஸ் வைத்தால் தவறிவிடும். கன்டெய்னர் வரம்பில் 25 சதவீதம் என்று வையுங்கள். ஓவர்கமிட் 2 இங்கே உதவாது, அது சிகுரூப் வரம்பை அறியாது. சிகுரூப் 2ல் மெமரி.ஈவென்ட்ஸ் ஃபைலில் ஓஓஎம்_கில் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியேறும் குறியீடு 137 என்றால் சிக்னல் 9.

டாக்கரில் ஷேர்டு மெமரிக்கான /டெவ்/ஷ்ம் இயல்பாக 64 எம்பிதான். பேரலல் க்வெரி அதைத் தாண்டும்போது ஷேர்டு மெமரி செக்மென்ட்டை விரிக்க முடியவில்லை, "டிவைஸில் இடமில்லை" என்று பிழை வரும். டிஸ்கைச் சுத்தம் செய்து பயனில்லை; --ஷ்ம்-சைஸ் மூலம் 1 ஜிபி கொடுங்கள்.

"அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி" என்று வருகிறது. ஷேர்டு_பஃபர்ஸைக் கூட்டினோம், பலனில்லை.

அது லாக் அட்டவணை நிரம்பியதற்கான பிழை. அட்டவணையின் இடம் மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_ட்ரான்சாக்‌ஷனை மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸால் பெருக்கியது: இயல்பாக 64, 100, ஆக ஏறத்தாழ 6400. இரண்டாயிரம் பார்ட்டிஷன், ஒவ்வொன்றுக்கும் மூன்று இண்டெக்ஸ் உள்ள டேபிளை வடிகட்டாமல் தொடும் ஒரு க்வெரி 8000 பூட்டுகளை எடுக்கும். மதிப்பை 256 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்; க்வெரியில் பார்ட்டிஷன் கீ வருகிறதா என்றும் பாருங்கள்.

"இன்வேலிட் மெமரி அலாக் ரிக்வெஸ்ட் சைஸ்" என்பது?

ரேம் பற்றாக்குறை அல்ல. ஒரே மதிப்புக்கு போஸ்ட்கிரெஸ் 1 ஜிபிக்கு மேல் ஒதுக்காது. 600 எம்பி பைட்டீ (பைனரி டேட்டா) மதிப்பு ஹெக்ஸ் வடிவில் இரட்டிப்பாகி 1.2 ஜிபி ஆகும்போது பிஜி_டம்ப் இப்படித் தோற்கும். அப்படிப் பெரிய மதிப்பே இல்லாத டேபிளில் இது வந்தால், குறிப்பாக எண் அபத்தமாகப் பெரிதாக இருந்தால், டேட்டா சிதைந்திருக்கக்கூடும். எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன், சர்வரை நிறுத்தி டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

சர்வரில் எந்தப் பிழையும் இல்லை, அப்ளிகேஷன்தான் மெமரி இல்லை என்கிறது.

முடிவுகளை முழுவதுமாக க்ளையன்ட் தன் மெமரிக்கு இழுக்கிறது. போஸ்ட்கிரெஸின் கட்டளை வரி க்ளையன்டான பிஎஸ்க்யூஎல்லில் ஃபெட்ச்_கவுண்ட்டை 1000 என்று வையுங்கள். ஜாவாவில் செட்ஃபெட்ச்சைஸ் கொடுப்பதோடு ஆட்டோகமிட்டையும் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஜேடிபிசி டிரைவர் அதைக் கண்டுகொள்ளாது.

எங்களுடையது மைஎஸ்க்யூஎல். இவை பொருந்துமா?

கர்னல் லாக், ஸ்வாப், சிகுரூப் பற்றிச் சொன்னவை பொருந்தும். மைஎஸ்க்யூஎல் ஒரே ப்ராசஸில் பல த்ரெட்களாக ஓடுவதால், கொல்லப்பட்டால் முழு சர்வரும் போகும். முதலில் பார்க்க வேண்டியது அதன் முக்கிய டேட்டா கேஷின் அளவான இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ். அடுத்து மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸோடு பெருகும் சார்ட்_பஃபர்_சைஸ், ஜாயின்_பஃபர்_சைஸ். ஜாயின் பஃபர் இயல்பாக 256 கேபி. ஏதோ ஒரு பழைய குறிப்பைப் பார்த்து அதை 128 எம்பி ஆக்கியிருந்தால், இண்டெக்ஸ் இல்லாத ஒவ்வொரு இணைப்புக்கும் அவ்வளவு போகும். அதை இயல்பு மதிப்புக்கே திருப்பிவிட்டு, அந்த இணைப்புகளுக்கு இண்டெக்ஸ் போடுங்கள்.